கோட்டை கட்டின மேஸ்திரி யாரு?

"கோட்டை பார்க்கப் போறோம்" என்றதுமே ஆபீஸ் நண்பர் கூலிங்கிளாஸ், செல்ஃபி ஸ்டிக் சகிதம் மாட்டுத்தாவணியில் ஆஜர். பஸ்ஸில் வழி நெடுக ஒரே புலம்பல். வீட்டுக் காம்பவுண்டு சுவர் வேலை மூணு மாசமா இழுக்குதாம்!

தூத்துக்குடியில் இறங்கி வேறு பஸ் மாறினோம். பொட்டல் காடு, உடைமரம், மண்டையைப் பிளக்கும் வெயில். பாஞ்சாலங்குறிச்சி வந்தது.

"ஆஹா! கட்டபொம்மன் கோட்டை என்னமா ஜம்முனு நிக்குது!"

"சார், இது 1974-ல அரசாங்கம் கட்டின நினைவுக்கோட்டை. எங்க அண்ணன் வயசுதான் ஆகுது."

"அப்ப அசல்?"

காட்டினேன். தரையோடு தரையாகச் சில அடிச்சுவர்கள். நண்பர் முகம் தொங்கிப் போச்சு. "இதுக்கா இவ்வளவு தூரம்?"

இதுக்குத்தான்! அசல் கோட்டை முழுக்க மண். நீளம் சுமார் 500 அடி, அகலம் 300, சுவர் உயரம் 12 அடி. எழுதி வைத்தவர், அதை எதிர்த்துச் சண்டை போட்ட வெள்ளைக்கார அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் படையெடுத்தார். அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனுக்குத் தூக்கு. கோட்டை தரைமட்டம். கதை முடிஞ்சுது என்று நினைத்தது கம்பெனி.

1801 பிப்ரவரி 2. தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரு வாரம் கழித்து கம்பெனிப் படை வந்து பார்த்தால்... இடித்த கோட்டை மறுபடி நிற்கிறது!

அதுதான் மண்ணின் சூட்சுமம். கல்லுக்கு மலைக்குப் போகணும், சிற்பி வேணும். மண் காலடியிலேயே கிடக்கு. ஊர் ஜனம் கை கொடுத்தால் போதும். பீரங்கிக் குண்டு பட்டால் கல் சிதறும். மண்ணோ குண்டை வாங்கிப் புதைத்துக்கொள்ளும். மார்ச் 31-ல் பாய்ந்த கம்பெனிப் படை அடி வாங்கித் திரும்பியது. கூடுதல் படை, பீரங்கிகளோடு வந்துதான் மே 24-ல் பிடிக்க முடிந்தது.

மொராக்கோ பாலைவன ஓரத்தில் ஐத் பென்ஹத்து என்று ஒரு மண்கோட்டை கிராமம். 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பார்க்க உலகமே பறக்கிறது. நாம் முன்னால் போட்டோ எடுத்துவிட்டு பஸ் பிடிக்கிறோம்!

நண்பர் கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு அந்த அடிச்சுவர் ஓரமாகவே ரொம்ப நேரம் நடந்தார்.

திரும்பும்போது கேட்டார்: "ஒரு வாரத்துல கட்டினாங்களே, மேஸ்திரி பேரு என்ன சார்?"

"அதுதான் யாருக்கும் தெரியலை. மண் சுமந்தவங்க பேரை எவன் எழுதி வைக்கிறான்?"

அதற்கப்புறம் மதுரை வரும்வரை காம்பவுண்டு சுவர் பேச்சே வரவில்லை.