பலாக்கொட்டை படிக்கும் சர்க்கரை

மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் தெருவோரக் கடைகளில் செம்பெடாக் சுளையை மாவில் தோய்த்து, கொட்டையோடு பொரித்துத் தருவார்கள். பலாவுக்கு நெருங்கிய சொந்தம் அது. சுளையின் இனிப்பைத்தான் எல்லோரும் பேசுகிறோம். உயிரியலாளர்களுக்குக் கைகொடுத்தது கொட்டை.

நம் செல் ஒவ்வொன்றும் வெளியே சர்க்கரைச் சங்கிலிகளைப் போர்த்தியிருக்கிறது. சோற்றின் மாவுச்சத்தும் சர்க்கரைச் சங்கிலிதான். ஆனால் அதில் குளுக்கோஸ் ஒன்றே திரும்பத் திரும்ப வரும்; எரித்தால் சக்தி, அவ்வளவுதான். செல்லின் மேலிருப்பதில் காலக்டோஸ், மானோஸ், ஃபியூகோஸ், சயாலிக் அமிலம் என்று பல வகை உண்டு; கிளைகளும் உண்டு. எதை அடுத்து எது, எந்தப் பக்கமாகச் சேர்ந்திருக்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. ஏ இரத்த வகையும் பி இரத்த வகையும் சங்கிலி நுனியில் ஒரே ஒரு சர்க்கரையால்தான் வேறுபடுகின்றன.

செய்தி இருந்தால் படிக்க ஆள் வேண்டுமே. அந்த வேலை லெக்டின் எனப்படும் புரதங்களுடையது. காலில் முள் குத்திப் புண்ணானால், அங்குள்ள இரத்தக்குழாயின் உட்சுவர் செலக்டின் என்ற லெக்டினை நீட்டும். ஓடிவரும் வெள்ளணுவின் சர்க்கரை அதில் சிக்கும், விடுபடும், மறுபடி சிக்கும். வேட்டியில் ஒட்டும் புல்லைப்போல லேசான பிடிதான். அணு உருண்டு உருண்டு வேகம் குறைந்து, நின்று, சுவரைக் கடந்து புண்ணுக்குள் இறங்கும்.

பலாக்கொட்டையிலும் ஒரு லெக்டின் இருக்கிறது, பெயர் ஜாக்கலின். 1996இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம். விஜயன், அவதேஷ சுரோலியா குழுவினர் அதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டார்கள். காலக்டோஸைத் தேடிப் பிடிப்பது அதன் குணம். செம்பெடாக் கொட்டையிலிருந்தும் இத்தகைய லெக்டினை மலேசிய ஆய்வாளர்கள் பிரித்திருக்கிறார்கள். (கொட்டையைத் தின்றால் மருந்தாகுமா என்று கேட்க வேண்டாம், கொதிக்கும் எண்ணெயில் அந்தப் புரதம் உருக்குலைந்துவிடும்.)

ஜாக்கலினின் பயன் ஆய்வகத்தில்தான். ஐஜிஏ என்ற நோயெதிர்ப்புப் புரதத்தில் இரண்டு வகை. முதல் வகையின் நடுப்பகுதியில் ஜாக்கலினுக்குப் பிடித்த சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். இரண்டாம் வகையில் அவை இல்லை. அதனால் ஆய்வகங்களில் முதல் வகையைத் தனியே பிரிக்க ஜாக்கலின் உதவுகிறது. இது வெறும் வசதிக்காக அல்ல. ஐஜிஏ சிறுநீரக நோயில் அந்தச் சங்கிலிகளில் காலக்டோஸ் குறைந்துபோயிருக்கும். உடல் தன் புரதத்தையே அந்நியமாக நினைத்து, அதற்கு எதிராக வேறு புரதம் செய்யும். இரண்டும் பின்னிக்கொண்டு சிறுநீரக வடிகட்டிகளில் படியும். நாளடைவில் சிறுநீரில் இரத்தம் கலந்து வரும்.