இருந்தும் தெரியாத எண்

குமாஸ்தா ஒருவர் கணினித் திரையில் நாள்தோறும் செய்யும் வேலையை, அவர் செய்வது போலவே பொத்தான்களை அழுத்தியும் கட்டங்களை நிரப்பியும் தானே செய்து முடிக்கும் மென்பொருளை ஆர். பி. ஏ. என்று அழைக்கின்றனர். ரோபாட் என்றுதான் பெயர். கையும் இல்லை, காலும் இல்லை. இங்கிலாந்தில் 2001ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ப்ளூ பிரிசம் நிறுவனத்தின் மென்பொருள் இத்துறையில் மூத்தவற்றுள் ஒன்று. அதைப் பழகுவோரைத் தொடக்கத்திலேயே திகைக்க வைக்கும் ஒரு சங்கடத்தை இன்று விளக்க விரும்புகிறேன்.

முன்பு என்னிடம் கணிதம் பயின்று, இப்போது இத்தொழிலில் இருக்கும் மாணவர் ஒருவர் விடுமுறை நாளொன்றில் மடிக்கணினியுடன் வந்தார். ஓய்வூதியம் பெறுவோர் ஒவ்வொருவருக்கும் உரிய நிலுவைத் தொகையைக் கணக்கிட்டு, வேறொரு திரையில் பதிவு செய்வது அவர் அமைத்த ரோபாட்டின் வேலை. “ஐயா, தொகை கண்ணெதிரே இருக்கிறது. பதிவு செய்யும் பக்கமோ அப்படி ஒன்றே இல்லை என்கிறது” என்றார்.

அந்த மென்பொருளில் ஒரு வேலையைப் பல பக்கங்களாகப் பிரித்து வரைவார்கள். எண்ணையோ பெயரையோ இட்டு வைக்கும் சிறு பெட்டிக்கு டேட்டா ஐட்டம் என்று பெயர். அப்பெட்டியை மற்றப் பக்கங்களிலிருந்து மறைத்து வைக்க ஒரு குறி உண்டு. வழக்கமாக அக்குறி இடப்பட்டே இருக்கும். ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதியதை எட்டாம் வகுப்பு மாணவர் படிக்க இயலுமா? எழுத்து அழியவில்லை, நடுவே சுவர் இருக்கிறது. இந்த ஏற்பாடு புதியதன்று. 1960ஆம் ஆண்டில் வெளியான அல்கால் 60 என்னும் நிரல்மொழியிலேயே, ஒரு பகுதிக்குள் அறிவிக்கப்பட்ட பெயர் அப்பகுதிக்கு வெளியே செல்லாது என்ற விதி இருந்தது.

ஆகவே தொகை தெரியவில்லை என்றால், முதலில் அது இல்லையா, மறைந்துள்ளதா, அழிக்கப்பட்டதா என்று பிரித்தறிய வேண்டும். மூன்றும் திரையில் ஒன்று போலவே தோன்றக்கூடும், மருந்து வேறு. வேலையை ஒரே மூச்சில் ஓட விடாமல் ஒவ்வொரு படியாக நகர்த்தி, பெட்டியின் தற்போதைய மதிப்பைப் பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும். தொடக்க மதிப்பு வேறு, தற்போதைய மதிப்பு வேறு. அவசரத்தில் முன்னதைப் பார்த்து ஏமாறுவோர் பலர். எந்தப் படியில் மதிப்பு கடைசியாகத் தென்பட்டது, எந்தப் படியில் முதன்முதலாகக் காணவில்லை என்று தெரிந்துவிட்டால், குற்றம் அவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டுவிடும். பக்கம் ஓடும்போதெல்லாம் பெட்டியைத் தொடக்க மதிப்புக்கு மீட்கும் குறி ஒன்றும் உண்டு. இதுவரை எத்தனை பேர் முடிந்தனர் என்று எண்ணும் பெட்டிக்கு அக்குறி இருந்தால், எண்ணிக்கை ஒன்றைத் தாண்டாது. கடவுச்சொல் புள்ளிகளாகத் தெரிவது மட்டும் பிழையன்று. அது வேண்டுமென்றே செய்யப்பட்ட மறைப்பு.

என் மாணவர் இதையெல்லாம் பார்க்கப் பொறுமையின்றி, பெட்டியை முதற்பக்கத்துக்கு மாற்றி, மறைப்புக் குறியையும் நீக்கிவிட்டார். வேலை ஓடியது. அவர் முகம் மலர்ந்தது. எனக்கோ ஆசிரியத் தொழிலின் பழைய சந்தேகம் எழுந்தது. “தம்பி, சேர்ந்த தேதி குறிப்பிடப்படாதவர் ஒருவர் பட்டியலில் வந்தால்?” என்று கேட்டேன். தேதி இல்லையென்றால் கணக்கிடும் படியைத் தாண்டிப் போகும்படி அவரே வழி வைத்திருந்தார். சோதனைப் பட்டியலில் மூன்றாமவரின் தேதியை அழித்துவிட்டு ஓட்டினோம். இரண்டாமவருக்குக் கிடைத்த 4,200 ரூபாய் மூன்றாமவர் பெயரிலும் அப்படியே பதிவாயிற்று. எச்சரிக்கைச் செய்தி எதுவும் வரவில்லை. முதற்பக்கம் ஒரே முறைதான் ஓடுகிறது. ஆதலால் அதிலுள்ள பெட்டி ஒவ்வோர் ஆளுக்கும் புதிதாகத் தூய்மைப்படவில்லை. முன்பு வேலை நின்று போயிற்று, பிழை தெரிந்தது. இப்போது பிழை நின்றது, வேலை ஓடியது! மாணவர் சற்று நேரம் பேசவில்லை.

பிறகு பெட்டியைக் கணக்கிடும் பக்கத்துக்கே திருப்பி, இரு குறிகளையும் மீண்டும் இட்டார். அப்பக்கத்தின் முடிவில் தொகையை வெளியீடாகக் கொடுத்து, முதற்பக்கத்தில் பெற்று, பதிவு செய்யும் பக்கத்தின் தொடக்கத்தில் உள்ளீடாக ஒப்படைத்தார். கைக்குக் கை மாறும் கடிதம் போல, தொகை எங்கிருந்து எங்கே சென்றது என்பது படத்திலேயே தெரிந்தது. இதில் வேலை அதிகந்தான். அதை நான் மறுக்கவில்லை.

மீண்டும் ஓட்டியபோது மூன்றாமவருக்கு வந்தது வெறும் சுழி. சுழியையும் பதிவு செய்துவிடக் கூடாதே என்று, தேதி இல்லாதவர்களைத் தனிப் பட்டியலில் சேர்க்கும் படி ஒன்றை மாணவர் அமைத்தார். அந்தப் பட்டியலை மறுநாள் காலையில் ஒரு குமாஸ்தா திறந்து பார்த்து, பழைய கோப்பைத் தேடி எடுக்க வேண்டும்.