ஏழு பேர்ச்சஸ் காணியும் ஒரு தாள் வரைபடமும்

தோட்டத் தொழிலாளர் குடும்பமொன்று லயத்தை விட்டு வெளியேறித் தனி வீடு அமைத்துக்கொள்ள எண்ணும்போது காணியைப் பற்றியும் கடனைப் பற்றியும் சீமெந்தின் விலையைப் பற்றியுமே முதலில் பேச்செழுகின்றது. அந்த வீடு காணியின் எந்த மூலையில், எந்த மட்டத்தில், எத்திசை நோக்கி அமையப் போகின்றது என்பதைக் காட்டும் தள வரைபடத்தைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. பிரதேச சபையில் கையளிப்பதற்கான ஒரு தாள் என்ற அளவிலேயே அது கருதப்படுகின்றது. ஆனால் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மலைச்சரிவுகளைப் பொறுத்தவரை, அத்தாள் ஒரு குடும்பத்தின் உயிர்ப் பாதுகாப்போடும் அதன் சட்ட அந்தஸ்தோடும் நேரடியாகத் தொடர்புடையது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டியுள்ளது.

2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தின் லயன் குடியிருப்பும் மண்ணுள் புதையுண்டது. மறு ஆண்டு மே மாத இறுதியில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பேரிழப்பைச் சந்தித்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது மலைப்பாங்கான மாவட்டங்களின் மரணங்களுக்கு மண்சரிவே பிரதான காரணமாயிற்று. ஒவ்வோர் அனர்த்தத்தின் பின்னரும் பாதுகாப்பான இடத்தில் வீடு கட்டித் தரப்படும் என்ற வாக்குறுதி ஒலிக்கின்றது. பாதுகாப்பான இடம் எது என்பதைத் தீர்மானிக்கும் வேலை வரைபடத்தில்தான் ஆரம்பமாகின்றது.

சட்டம் என்ன சொல்கின்றது என்பதை முதலில் பார்ப்போம். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்படி அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் பெறப்பட வேண்டும். ஏனைய இடங்களில், 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் கட்டட அனுமதிக்கு அடிப்படையாக விளங்குகின்றது. இதன் 5ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட வரைபடமின்றி எவரும் கட்டடம் எழுப்பலாகாது என்கின்றது. கட்டி முடித்த பின்னர், வரைபடத்தின்படியே வேலை நடந்தது என உறுதிப்படுத்தும் இணக்கச் சான்றிதழைப் பெற வேண்டும் என்பது 15ஆம் பிரிவு. பலரும் அனுமதியைப் பெற்றதோடு நின்றுவிடுகின்றனர். இணக்கச் சான்றிதழ் இல்லாத வீடு சட்டத்தின் பார்வையில் முழுமை பெற்ற வீடல்ல.

இவற்றோடு, மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் மதிப்பீட்டு அறிக்கையும் 2011ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கேகாலையும் இரத்தினபுரியும் அம்மாவட்டங்களுள் அடங்குகின்றன. அந்நிறுவனம் 1:10,000 என்ற அளவுத்திட்டத்தில் மண்சரிவு அபாய வலய வரைபடங்களைத் தயாரித்துள்ளது. எனினும் அவ்வளவுத்திட்டத்தில் வரைபடத்தின் ஒரு சென்ரிமீற்றர் நிலத்தில் 100 மீற்றரைக் குறிக்கும். ஏழு பேர்ச்சஸ் காணி அதில் ஒரு கடுகளவு புள்ளியே. ஆகவே வலய வரைபடத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிக்க முடியாது; அதிகாரி நேரில் வந்து அந்த இடத்தைப் பார்வையிட வேண்டியிருக்கின்றது.

அனுமதிக்கான விண்ணப்பத்தோடு பொதுவாக இணைக்கப்படுபவை எவை? அனுமதிபெற்ற நில அளவையாளரின் நில அளவைப் படம், காணியின் உரித்தை நிறுவும் ஆவணம், தள வரைபடம், வீட்டின் தரைப்படமும் குறுக்குவெட்டும் முகப்புத் தோற்றமும், மேற்கூறிய இடர் மதிப்பீட்டு அறிக்கை என்பனவாகும். இவற்றுள் தள வரைபடமே ஏனையவற்றை ஒன்றிணைப்பது. காணியின் எல்லைகள், வடதிசை, அணுகு பாதை, பாதையிலிருந்து விடப்பட வேண்டிய இடைவெளி, வீடு அமையும் இடம், மலசலகூடக் குழி, நீர் மூலம், கழிவுநீர்க் கான், அயலிலுள்ள கட்டடங்கள் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். சமதரையில் இவ்வளவும் போதுமானது. சரிவில் இவற்றைவிட முக்கியமான இரண்டைக் காட்டியாக வேண்டும். ஒன்று நிலத்தின் சாய்வு. மற்றையது நீரின் வழி.

சாய்வை ஒரு கணக்கின் மூலம் விளக்கலாம். ஒரு பேர்ச்சஸ் என்பது 272.25 சதுர அடி. ஆகவே ஏழு பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடியாகும். 50 அடிக்கு 38 அடி கொண்ட ஒரு துண்டென வைத்துக்கொள்வோம். நிலம் மூன்று அடிக்கு ஓர் அடி வீதம் இறங்குகின்றது என்றும் கொள்வோம். தோட்டங்களில் இது அசாதாரணமான சரிவன்று. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் தோட்டங்களில் கட்டப்பட்டதைப் போன்ற 550 சதுர அடி வீட்டை 22 அடி அகலமும் மலையை நோக்கி 25 அடி ஆழமுமாக அமைத்தால், சமதரை பெறுவதற்கு வீட்டின் பின்புறம் எட்டு அடிக்கும் மேல் மண்ணைச் செங்குத்தாக வெட்ட நேரிடும். அதே வீட்டை மலையின் போக்கிலேயே 34 அடி நீளமும் 16 அடி ஆழமுமாக அமைத்தால் வெட்டு ஐந்தரை அடிக்குள் அடங்கிவிடும். இரண்டு மட்டங்களாகப் படிகட்டி அமைத்தால் வெட்டின் உயரம் மேலும் குறையும்.

பரப்பளவு ஒன்றுதான், செலவும் பெரிதும் வேறுபடாது. ஆயினும் பின்சுவருக்கு அருகே நிற்கும் மண்சுவரின் உயரம் மூன்றடியால் குறைகின்றது. வெட்டிய மண்ணை முன்புறம் கொட்டி, அதன்மேல் அத்திவாரம் இடுவது இன்னொரு தவறு. மழையில் நனைந்த கொட்டுமண் முதலில் இறங்கும்; அதனோடு சுவரும் வெடிக்கும். எனவே குறுக்குவெட்டுப் படத்தில் இயற்கையான நிலமட்டம் ஒரு கோடாகவும் வெட்டிய பின் அமையும் மட்டம் மற்றொரு கோடாகவும் காட்டப்பட வேண்டும். தாங்கு சுவர் எங்கே, அதன் பின்னால் தேங்கும் நீர் வெளியேறும் துவாரங்கள் எங்கே என்பதும் தெரிய வேண்டும். சமதரையில் நிற்பதுபோல் வரையப்பட்ட ஒரு மாதிரிப் படத்தை மலைச்சரிவுக்கும் இணைத்துக் கொடுப்பது அனுமதியைப் பெற்றுத் தரலாம். பாதுகாப்பைப் பெற்றுத் தராது.

இங்கே கவனிக்கத்தக்க மற்றொரு விடயமுண்டு. 34 அடி நீள வீட்டை மலையின் போக்கில் அமைப்பதற்குக் காணியின் நீண்ட பக்கமும் அதே போக்கில் இருக்க வேண்டும். 38 அடிப் பக்கம் மலையின் போக்கில் விழுந்துவிட்டால் இருபுறமும் ஒதுக்க இடமிராது. காணித்துண்டு எவ்வாறு பிரிக்கப்பட்டது என்பதிலேயே வீட்டின் விதி பெருமளவு எழுதப்பட்டுவிடுகின்றது. வீடு கட்டுபவர் பின்னர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அப்பிழையைத் திருத்த முடியாது.

அடுத்தது நீர். இரத்தினபுரியின் ஆண்டு மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமானது. 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் அபாயப் பகுதிகளிலுள்ளோர் வெளியேற வேண்டும் என்பது மண்சரிவு முன்னெச்சரிக்கையின் மூன்றாம் கட்டம். அத்தகையதொரு நாளில் 550 சதுர அடிக் கூரையிலிருந்து மட்டும் 7,500 லீற்றருக்கும் மேற்பட்ட நீர் இறங்கும். பத்து வீடுகளென்றால் 75,000 லீற்றர். தேயிலையும் இறப்பரும் நின்ற நிலத்தில் தோட்டத்தின் பழைய கான்கள் இந்நீரை ஒழுங்காக இறக்கிவிட்டன. வீட்டுக்காக மண் வெட்டும்போது அக்கான்கள் மூடப்பட்டுவிட்டால், நீர் தனக்கென ஒரு வழியை நிலத்துக்குள்ளேயே தேடிக்கொள்ளும். மண்சரிவுகளில் பெரும்பாலானவை இவ்வாறே ஆரம்பமாகின்றன. ஆகவே பழைய கான்கள், ஊற்றுகள், மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் பள்ளங்கள் ஆகியவற்றைத் தள வரைபடத்தில் குறித்து, கூரைநீர் எந்தக் கானில் விழுந்து எங்கே சென்றடைகின்றது என்பதை அம்புக்குறியால் காட்ட வேண்டும்.

இது மழைநாடுகளுக்கு மட்டும் உரிய விதியென எண்ணலாகாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பாலைவன நகரான டூசானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிமீற்றர் மழையே பெய்கின்றது. அங்கும் ஆண்டின் பெரும்பகுதி வரண்டு கிடக்கும் மணற்பள்ளங்கள், திடீர் மழையில் வெள்ளம் பாயும் வழிகள் என்பதால், வீட்டுத் தள வரைபடத்தில் அவற்றைக் காட்டியாக வேண்டும். பாலைவனமே நீரின் வழியை மதிக்கும்போது, அதனிலும் பத்து மடங்குக்கு மேல் மழை பெறும் எமது மலைகளில் அதனை அலட்சியம் செய்வதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

மலசலகூடக் குழியும் நீரோடு தொடர்புடையதே. கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே ஐம்பது அடியேனும் இருக்க வேண்டுமெனப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வலியுறுத்துவது வழக்கம். ஐம்பது அடியே நீளமான ஒரு காணியில் இத்தூரத்தை எல்லைக்குள் காண்பது கடினம். மேலும், சரிவில் மேல்வீட்டின் குழி கீழ்வீட்டின் பின்சுவருக்கு மேலே அமைந்துவிடுகின்றது. குடிநீருக்குப் பீலியை நம்பியிருக்கும் குடியிருப்புகளில் ஆபத்து இரட்டிப்பாகின்றது. ஆதலால் ஒரு வீட்டின் வரைபடம் அயல்வீடுகளின் குழிகளையும் பீலியையும் சேர்த்துக் காட்டாவிடின் அது பாதி வரைபடமே.

தொழில்நுட்ப விடயங்கள் இவ்வாறிருக்க, தோட்ட மக்களுக்கு இவற்றுக்கு முன்னரே ஒரு தடை குறுக்கிடுகின்றது. அதுவே காணியுரித்து. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992ஆம் ஆண்டு முதல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறி, பின்னர் நீண்டகாலக் குத்தகையாயிற்று. சப்ரகமுவவில் இவற்றுக்குப் புறம்பாகச் சிறு தனியார் தோட்டங்களும் பல உள்ளன. தலைமுறைகளாகக் குடியிருக்கும் தொழிலாளி இவற்றுள் எதிலும் காணிக்காரரல்லர். அளவைப் படமும் உறுதியும் இல்லாதவர் வரைபடம் சமர்ப்பிக்க முடியாது. வரைபடம் சமர்ப்பிக்காதவர் கட்டிய வீடு அனுமதியற்ற கட்டடமாகின்றது. தோட்ட நிர்வாகத்தின் வாய்மொழிச் சம்மதத்தோடு லயத்தின் பின்புறம் இறக்கிய சமையலறையும், மலையோரத்தில் எழுப்பிய தற்காலிக வீடும் எந்தவொரு நிபுணரின் கண்ணிலும் படாமல் எழுவதற்கு மக்களின் அறியாமை அன்று, இந்த ஏற்பாடே காரணம்.

உள்ளூராட்சியும் நீண்டகாலம் தோட்டத்தின் வாயிலிலேயே நின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018ஆம் ஆண்டிலேயே அது திருத்தப்பட்டது. அதே ஆண்டில் 32ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் உருவாக்கப்பட்டது. சட்டக் கதவுகள் திறந்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை போன்ற பகுதிகளில் சிதறி வாழும் மக்களுக்கு அக்கதவுகள் வெகு தூரத்திலேயே இருக்கின்றன.

ஆகவே சில விடயங்களை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். முதலாவதாக, இடர் மதிப்பீட்டை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே அலைந்து பெறுவதற்குப் பதிலாக, தோட்டம் முழுவதற்கும் அரசு ஒரே முறையில் செய்து முடிக்க வேண்டும். இரண்டாவதாக, காணித் துண்டுகள் அம்மதிப்பீட்டின் பின்னரே, மலையின் போக்கைத் தழுவிப் பிரிக்கப்பட வேண்டும். அளவுகோலால் கோடிழுத்து, பின்னர் அபாயத்தைத் தேடுவது தலைகீழான வேலை. மூன்றாவதாக, சரிவின் அளவுக்கேற்ற சில மாதிரி வரைபடங்களைத் தயாரித்துப் பிரதேச சபைகளில் இலவசமாக வழங்கலாம். நான்காவதாக, விண்ணப்பப் படிவமும் அறிக்கையும் பதிலும் தமிழில் கிடைக்க வேண்டும். சிங்களம் நிர்வாக மொழியாகவுள்ள பகுதிகளிலும் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பு அளித்துள்ளது. அபாய வலயம் என்ற சொல்லை ஒருவர் தமது மொழியில் வாசித்தறிய முடியாவிடின் அந்த எச்சரிக்கையால் பயனில்லை.

மக்களின் பக்கத்திலும் ஒரு கடமையுண்டு. காணி கிடைக்கும் நாளில் பெயர் பொறித்த சான்றிதழோடு மட்டும் திருப்தியடையாது, அளவைப் படத்தின் பிரதியையும் இடர் மதிப்பீட்டு அறிக்கையையும் கேட்டுப் பெற வேண்டும். பட வரைஞரைக் காணிக்கே அழைத்துச் சென்று, முன்னைய மழைகளில் நீர் ஓடிய வழியையும் மண் வெடித்த இடத்தையும் பீலி வற்றிய காலத்தையும் சொல்ல வேண்டும். அந்த மலையில் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒரு தாய்க்குத் தெரிந்த விடயங்கள் எந்த வலய வரைபடத்திலும் இல்லை. அவை தள வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவில் பிறந்து வளர்ந்த ஒரு சமூகம், தனது பெயரில், தனது எல்லைக்குள், தனது வாசலைத் தானே தீர்மானித்து வரையும் முதலாவது படம் இது. அதனைச் சம்பிரதாயமாக நிரப்பி முத்திரையிட்டு ஒதுக்கிவிடாது, சாய்வையும் நீரையும் உண்மையாகக் காட்டும் ஆவணமாக ஆக்குவதில் அதிகாரிகளும் மக்களும் ஒருங்கே அக்கறை காட்ட வேண்டும். அடுத்த பெருமழைக்கு முன்னர் இது நடந்தாக வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.