மூலையில் ஒரு சிவப்பு எழுத்து

பழைய தலையணை உறை ஒன்றின் மூலையில், சிவப்பு நூலால் தைத்த ஒரே ஓர் எழுத்து. அழகுக்குப் போட்டது என்றுதானே நினைப்பீர்கள், நேயர்களே?

பிரான்சில் அது அடையாளக் குறி. 19-ஆம் நூற்றாண்டு வரை அங்கே கிராமங்களில் வீட்டுத் துணிகளை வருடத்தில் சில முறைதான் மொத்தமாக வெளுப்பார்கள், விறகுச் சாம்பல் கரைத்த வெந்நீரில். ஒரு வீட்டு விரிப்பு இன்னொரு வீட்டுக்குப் போய்விடக் கூடாதே! அதனால் கல்யாணத்துக்கு முன்பே பெண்கள் தங்கள் சீர்த்துணிகளில் பெயரின் முதலெழுத்தைத் தைத்து வைத்தார்கள்.

வசதியான வீடுகளில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலே ஓடும். முதலில் எழுத்துக்குள் நூலை நிரப்பி மேடாக்கி, அதன்மேல் இழை இழையாக நெருக்கித் தைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரலுக்கு எழுத்து தெரியும். என்ன பொறுமை பாருங்கள்!

விரிப்பு நைந்த பிறகும் அந்த எழுத்து கெட்டியாக நிற்கிறது. இன்று கைவினை செய்பவர்கள் அதை மட்டும் கத்தரித்து, சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். லாவெண்டர் பூ நிரப்பிய சின்னப் பையில் வைத்துத் தைக்கிறார்கள். தன் பெயரின் முதலெழுத்து கிடைக்காதா என்று பழம்பொருள் சந்தையில் துணி அடுக்கைப் புரட்டிப் புரட்டித் தேடுபவர்களும் உண்டு.