புகழ் மண்டபத்தின் வாயிலில் ஒரு வழக்கு



நமது பள்ளியின் மேல்வகுப்பு மாணாக்கர்க்கு விவாதப் பயிற்சி அளிக்க எண்ணி, 'நகர வாழ்வா, கிராம வாழ்வா சிறந்தது?' என்னும் பழந்தலைப்பை ஒருநாள் பலகையில் எழுதினேன். வகுப்பில் அசைவே இல்லை. சற்று நேரத்தில் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, பேரி போண்ட்ஸைப் புகழ் மண்டபத்தில் சேர்க்கலாமா, கூடாதா என்று பேசுவோமா?" என்றான். அவ்வளவுதான், வகுப்பு இரண்டு அணியாகப் பிரிந்தது. தமிழில் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேசக் கூசும் பிள்ளைகள், அன்று வகுப்பு முடிந்த பின்னரும் பேசிக்கொண்டிருந்தார்கள். துடுப்பாட்டம் மட்டுமே அறிந்து வளர்ந்த நான் அன்று அவர்களுக்கு மாணவனானேன். அவர்களிடம் கேட்டும், பின்னர் படித்தும் அறிந்தவற்றை என்னைப் போன்ற பெற்றோரும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் இங்கே தருகிறேன்.

மண்டபமும் விதிகளும்

பேஸ்போல் புகழ் மண்டபம் நியூயோர்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் உள்ளது. 1936ஆம் ஆண்டில் பேப் ரூத் முதலான ஐவர் முதன்முதலாகத் தெரிவு செய்யப்பட்டனர். மண்டபம் 1939இல் திறக்கப்பட்டது. பத்துப் பருவங்களேனும் ஆடி, ஓய்வுபெற்று ஐந்தாண்டு கழிந்த வீரரே வாக்கெடுப்புக்கு வரலாம். வாக்களிப்போர், பேஸ்போல் எழுத்தாளர் சங்கத்தில் பத்தாண்டு உறுப்பினராய் இருந்த பத்திரிகையாளர்கள். ஒருவர் பத்துப் பெயர்கள் வரை குறிக்கலாம். நூற்றுக்கு 75 விழுக்காடு பெற்றவர் உள்ளே செல்வார். 5 விழுக்காடும் பெறாதவர் பட்டியலினின்று நீங்குவார். ஏனையோர்க்குப் பத்து ஆண்டுகள் வாய்ப்புண்டு. அதன் பின்னரும், 16 பேர் கொண்ட ஒரு குழு பழைய வீரர்களை மறுபடியும் ஆராய்வதுண்டு.

வாக்களிப்போர் எவற்றை நோக்க வேண்டும்? ஆட்டப் பதிவு, ஆட்டத் திறன், அணிக்கு ஆற்றிய பங்கு ஆகியவற்றோடு நேர்மை, விளையாட்டுப் பண்பு, ஒழுக்கம் என்னும் மூன்றையும் விதி குறிப்பிடுகின்றது. போண்ட்ஸின் வழக்கு இந்த மூன்று சொற்களிலேயே தங்கியிருக்கின்றது.

போண்ட்ஸின் கணக்கு

நாம் வாழும் சான் ரமோனிலிருந்து விரிகுடாவைக் கடந்தால் அடைவது சான் பிரான்சிஸ்கோ. அந்நகரின் ஜயன்ட்ஸ் அணிக்கு 1993 முதல் 2007 வரை ஆடியவர் போண்ட்ஸ். பந்தை மைதான வேலிக்கு அப்பால் அடித்து, நான்கு தளங்களையும் சுற்றி வருவதே 'ஹோம் ரன்'. நமது துடுப்பாட்டத்தின் 'ஆறு' போன்றது. அவர் தம் வாழ்நாளில் அடித்தவை 762. 2001ஆம் ஆண்டில் மட்டும் 73. இவ்விரண்டும் இன்றளவும் முறியடிக்கப்படாத பதிவுகள். ஆண்டின் மிகச்சிறந்த வீரர் என்னும் விருதை அவர் ஏழு முறை பெற்றார். 2007 ஓகஸ்ட் 7ஆம் நாள், ஹாங்க் ஏரனின் 755 என்னும் எண்ணிக்கையைத் தாண்டினார்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2003ஆம் ஆண்டில், விமான நிலையத்துக்கு அருகே பர்லிங்கேம் நகரிலிருந்த ஒரு நிறுவனம் சோதனையிடப்பட்டது. விளையாட்டு வீரர்க்கு ஸ்டீராய்ட் என்னும் ஊக்க மருந்தை வழங்கியதாக அதன்மீது குற்றச்சாட்டு. அங்கிருந்து வந்த மருந்துகளைப் போண்ட்ஸ் பயன்படுத்தினார் என்பதை 2011ஆம் ஆண்டு விசாரணையில் அவருடைய வழக்கறிஞரே ஒப்புக்கொண்டார். அவை இன்னவை என அவர் அறியார் என்பதே அவர் தரப்பு வாதம். நீதிக்குத் தடை செய்தார் என்னும் ஒரு குற்றம் மட்டும் அவர்மீது நிலைநாட்டப்பட்டது. 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனையும் நீக்கியது.

எழுத்தாளர் வாக்கெடுப்பின் பத்தாவதும் இறுதியுமான ஆண்டாகிய 2022இல் அவர் பெற்றது 66 விழுக்காடு. 2025 டிசம்பரில் குழு கூடியபோது, அவரோடு ஒரே அணியில் ஆடிய ஜெஃப் கென்ட் 16இல் 14 வாக்குப் பெற்றுத் தெரிவானார். போண்ட்ஸுக்கு ஐந்து வாக்குகூடக் கிடைக்கவில்லை.

ஒரு வியப்பையும் கூறுவேன். அவர் அடித்த 756ஆவது ஹோம் ரன்னின் பந்து அம்மண்டபத்துக்குள் சென்றுவிட்டது. ஏலத்தில் அதை வாங்கியவர், மக்களிடம் வாக்கெடுத்து, அதன்மேல் ஒரு நட்சத்திரக் குறியைப் பொறித்து 2008இல் வழங்கினார். அடித்த பந்து உள்ளே, அடித்தவர் வெளியே!

இரு கட்சிகளின் வாதம்

சேர்க்க வேண்டும் என்ற அணியினர் கூறியவை: ஏழு விருதுகளில் மூன்று, 1993ஆம் ஆண்டுக்குள்ளேயே அவர் பெற்றவை. 2004க்கு முன்னர் ஊக்க மருந்துச் சோதனையில் பிடிபட்ட வீரர்க்குத் தண்டனையே இருக்கவில்லை. அக்காலத்தில் விளையாட்டின் ஆணையராக இருந்த பட் செலிக் 2017இல் அதே மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். காவற்காரர்க்கு மாலை, ஆடியவர்க்குத் தடையா?

கூடாது என்ற அணியினர் கூறியவை: மருந்தின்றி ஆடியவர்களின் இடத்தை மருந்து பறித்தது. ஏரன், தமது காலத்தில் நிறவெறியாளரின் கொலைமிரட்டல்களுக்கிடையே ஆடிச் சேர்த்த புகழ் அது. சிறுவர் வீரரைப் பார்த்தே வளர்கின்றனர். 2005 மார்ச்சில் காங்கிரஸ் சபை நடத்திய விசாரணையில், ஸ்டீராய்ட் உட்கொண்ட மகன்மாரைப் பறிகொடுத்த பெற்றோர் சாட்சி கூறினர். அவர்களுட் சிலர் நமது கலிபோர்னியாவைச் சேர்ந்தவர்கள்.

இரண்டு பக்கமும் வலுவுடையதே. எனவேதான் இவ்வழக்கு முடியாமல் நீள்கின்றது.

நம்மவர் ஒருவரின் வழக்கு

இதனைக் கேட்டபோது என் நினைவுக்கு வந்தவர் கண்டியிற் பிறந்த தமிழர் முத்தையா முரளிதரன். 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ன் மைதானத்தில், அவர் பந்தை வீசாமல் எறிகிறார் எனக் கூறி நடுவர் மீண்டும் மீண்டும் முறையற்ற பந்தென அறிவித்தார். முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முற்றாக நிமிராதது. 1996இல் ஆய்வுக்கூடங்களில் அவர் கையின் அசைவு அளக்கப்பட்டது. அனைத்துலகத் துடுப்பாட்டச் சபை அவரை ஆட அனுமதித்தது. பின்னர் ஏனைய பந்து வீச்சாளரையும் அளந்தபோது, குறையற்றவர் எனக் கருதப்பட்ட பலருடைய கைகளும் சிறிது மடங்கி நிமிர்வது தெரியவந்தது. எல்லோர்க்கும் 15 பாகை என்னும் ஒரே எல்லை வகுக்கப்பட்டது. 2010இல் காலியில் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி அவர் டெஸ்ட் ஆட்டத்தினின்று விடைபெற்றார். 2016இல் அச்சபையின் புகழ் மண்டபத்துக்குத் தெரிவான முதல் இலங்கையரும் அவரே.

இரண்டு வழக்கும் ஒன்றல்ல. முரளிதரனிடம் இருந்தது ஐயம். அளந்தபோது அது எதிர்நிற்கவில்லை. போண்ட்ஸிடம் இருப்பது ஐயம் மட்டுமன்று. இவ்வேறுபாட்டைக் காண்பதற்கே விவாதம் வேண்டும்.

என் தீர்ப்பு

"ஐயா, நீங்கள் எந்தக் கட்சி?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். விடை கூறுமுன் ஒரு கதையைச் சொன்னேன்.

ஊரில் நான் கணித ஆசிரியனாக இருந்த காலம். ஒவ்வொரு தவணையிலும் நாற்பது புள்ளி வாங்கும் மாணவன் ஒருவன், ஆண்டிறுதிப் பரீட்சையில் 96 புள்ளி பெற்றான். பார்த்து எழுதியிருப்பான் என்று நான் எண்ணினேன். எவரும் கண்டதில்லை, சான்றும் இல்லை. ஆயினும் பரிசளிப்பு விழாப் பட்டியலிலிருந்து அவன் பெயரை நீக்கினேன். அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. இடம்பெயர்ந்து அவர்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த உறவினர் ஒருவர், இரவுதோறும் விளக்கை வைத்து அவனுக்குக் கணிதம் கற்பித்தார் என்பதைப் பல மாதங்களின் பின்னரே அறிந்தேன். அதற்குள் போர் எங்களைத் திசைக்கொருவராகச் சிதறடித்துவிட்டது. அவனிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு இன்றுவரை எனக்குக் கிட்டவில்லை.

ஆகவே என் விடை இது: ஐயத்துக்காக எவர்க்கும் சிறப்பை மறுக்க மாட்டேன். சான்றிருப்பின் மறுப்பேன். போண்ட்ஸுக்கு நான் வாக்களியேன். ஆனால் அதே கோலால் அளந்தால், கண்டும் காணாதிருந்த ஆணையர்க்கும் வாக்களியேன். குணத்தையும் குறையையும் ஒருங்கே எடைபோட வேண்டும் என்று வள்ளுவர் கூறுவதும், நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்திருப்பதும் இதற்காகவே.

கதை முடிந்தபின் வகுப்பில் வாக்கெடுத்தோம். சேர்க்கலாம் என்றோர் பதினொருவர். கூடாது என்றோர் ஒன்பதின்மர். என் கட்சி தோற்றது. ஆயினும் இருபது பேரும் காரணம் கூறியே கையுயர்த்தினார்கள், அதுவும் தமிழில்.

பெற்றோரே, இன்றிரவு உணவு வேளையில் உங்கள் பிள்ளையிடம் இக்கேள்வியைக் கேளுங்கள். விடை எதுவாயினும், 'ஏன்?' என்று மறுபடியும் கேளுங்கள். மாணாக்கரே, நாளை நீங்களும் ஒருவர்க்குச் சிறப்பளிக்கவோ மறுக்கவோ வேண்டிய இடத்தில் அமர்வீர்கள். அன்று பெயரை நீக்குமுன் சான்றைக் கேளுங்கள். உங்கள் ஆசிரியன் செய்த பிழையை நீங்கள் செய்யாதிருப்பீர்களாக.