பிள்ளையின் முகம் அதைத்தால் சலத்தைப் பரிசோதியுங்கள்

காலையில் பிள்ளையின் கண்ணிமை அதைத்திருக்கிறது. பின்னேரம் கால் வீங்குகிறது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஊர்களில் சில உம்மாமார் இதைக் கண்ணூறு என்று ஓதிப் பார்க்கிறார்கள். சிலர் அலர்ஜி என்று பார்மசியில் மருந்து வாங்குகிறார்கள். ஓதுவது ஓதட்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சலத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

எதைக் கவனிப்பது?

சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிப் புரதம் சலத்தோடு வெளியேறினால் உடலில் நீர் தேங்கும். இது நெப்ரோடிக் சின்ட்ரோம். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிரட்னிசலோன் மாத்திரையால் சில வாரங்களில் புரதம் போவது நிற்கும். ஆனால் நோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது.

தொண்டை நோவோ சிரங்கோ வந்து சில வாரங்களில் சலம் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனாலும், காரணம் தெரியாமல் காய்ச்சல் அடித்தாலும், ஆண் குழந்தைக்குச் சலம் சொட்டுச் சொட்டாகப் போனாலும் தாமதிக்காதீர்கள். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ காட்டுங்கள்.

பேராதனை தரும் பாடம்

இலங்கைப் பிள்ளைகளிடம் நெப்ரோடிக் சின்ட்ரோமை நீண்டகாலம் ஆராய்ந்தவர் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆசிரி அபேயகுணவர்தன. தடிமன், காய்ச்சல் வரும்போதே நோய் அதிகம் திரும்புகிறது என்பதால், அந்தச் சில நாட்களில் மட்டும் பிரட்னிசலோனைத் தினமும் கொடுத்துப் பார்த்தார். நோய் திரும்புவது குறைந்ததை 2008இலும் 2017இலும் வெளியான அவரது ஆய்வுகள் காட்டின. பின்னர் பிரித்தானியாவில் நடந்த பெரிய பரிசோதனையில் அந்தப் பயன் தெரியவில்லை.

நிபுணர்களே இவ்வளவு நுணுக்கமாக அளந்து பார்க்கும் மருந்தை வீட்டில் நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. முகம் வட்டமாகிறது, பிள்ளை கொழுக்கிறது என்று திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

சிறுநீரகம் செயலிழந்தால்

அப்போதும் வழி இருக்கிறது. பேராதனையில் 2004 முதல் பிள்ளைகளுக்குச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்யப்படுகிறது. உம்மாவோ வாப்பாவோ கொடுக்கும் ஒரு சிறுநீரகம் பிள்ளையின் உடலில் வேலை செய்யும். கொடுப்பவரின் உடல்நலத்தை முழுமையாகப் பரிசோதித்த பிறகே எடுப்பார்கள்.

மார்க்கம் இடம் தருமா என்று தயங்குவோர் உண்டு. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி, நிபந்தனைகளோடு உறுப்புத் தானத்தை அனுமதித்தது, விற்பதைத் தடுத்தது. இலங்கையின் 1987ஆம் ஆண்டு 48ஆம் இலக்கச் சட்டப்படியும் உறுப்பு வியாபாரம் குற்றம். தரகர் யாராவது வந்தால் பொலிஸில் முறையிடுங்கள்.

மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு மருந்து வாழ்நாள் முழுவதும் தேவை. சுகமாகிவிட்டது என்று பதின்ம வயதில் மாத்திரையை விட்டால் புதிய சிறுநீரகமும் கெட்டுப்போகும். நோன்பு பிடிக்க ஆசைப்படும் பிள்ளையை ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருப்பதைப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் உரிமைகள்

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து வைக்குமுன் தமிழில் விளக்கம் கேளுங்கள். தமிழும் அரசகரும மொழி. கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. பதில் கிடைக்காவிட்டால் வைத்தியசாலைப் பணிப்பாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனைப் பிராந்திய அலுவலகத்தை நாடலாம். மருத்துவ உதவிக்கு ஜனாதிபதி நிதியத்திடம் பிரதேச செயலகம் மூலம் விண்ணப்பிக்கலாம். கிளினிக் கொப்பி, பரிசோதனை அறிக்கைகள், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

மருந்து இலவசம்தான். ஆனால் அம்பாறை, மகியங்கனை வழியாகப் பேராதனைக்குப் போய்வரும் செலவும், அன்றைக்கு வாப்பா இழக்கும் நாட்கூலியும் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. சிகிச்சை இடையில் அறுந்துபோக இதுவே போதும். இடைப்பட்ட பரிசோதனைகளை ஊர் வைத்தியசாலையிலேயே செய்ய முடியுமா என்று நிபுணரிடம் கேளுங்கள். பள்ளிவாசல் நிருவாகங்களும் ஸகாத் நிதியங்களும் இந்தப் பயணச் செலவை ஏற்றுக்கொள்ள முன்வர வேண்டும். ஒரு பிள்ளையின் கிளினிக் தவறாமல் பார்த்துக்கொள்ளும் கடமை முழு ஊருக்கும் உண்டு.