வரைவியல் அட்டைகளின் வெப்பநிலையும் விசிறி இரைச்சலும்: துவாக்குடிச் சூழலை முன்வைத்து ஓர் ஒப்பீட்டு விளக்கம்

முன்னுரை

திருச்சிராப்பள்ளி – தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் அமைந்த துவாக்குடி, கணினி வெப்பத்தை இருவேறு நிலைகளில் காணத்தக்க ஊராகும். இங்குள்ள தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் 2022ஆம் ஆண்டு மே மாதம் 'பரம் பொருள்' என்னும் மீத்திறன் கணினி தொடங்கிவைக்கப்பட்டது. தேசிய மீக்கணிமைத் திட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட இதன் திறன் 838 டெராஃபிளாப்ஸ். (இவ்விரு சொற்களையும் சேர்த்துப் படித்தால் தமிழ்ச் செவிக்கு வேறொரு பொருளும் தோன்றும்.) அதன் சில்லுகளின் வெப்பத்தை நீர்மக் குளிர்விப்பு முறை அகற்றுகிறது. ஒரே பருமனளவில் நீர், காற்றைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்கவல்லது என்பதே இம்முறைக்கு அடிப்படை. சுற்றுப்புற விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் இயங்கும் தனியாள் கணினிகளுக்கோ பெரும்பாலும் காற்றே துணை. அத்தகைய அறைக்கு ஒரு வரைவியல் அட்டையை, அதாவது கிராஃபிக்ஸ் கார்டை, ஒப்பிட்டுத் தெரிவு செய்வது எங்ஙனம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வெப்பநிலை எண் தனித்துப் பொருள் தருவதன்று

என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 அட்டையின் மின்திறன் 170 வாட். ஆர்டிஎக்ஸ் 4090 அட்டைக்கு அது 450 வாட். உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே அறைக்குள் வெளிவருகிறது. ஆயினும் 450 வாட் அட்டை 65 பாகையிலும் 170 வாட் அட்டை 75 பாகையிலும் நிற்பது இயல்பே. சில்லின் வெப்பநிலை, வெப்பத் தகடுகளின் பரப்பையும் விசிறியின் வேகத்தையும் பொறுத்தது. எனவே, 'இவ்வட்டை குளிர்ச்சியானது' என்னும் கூற்று, எவ்வளவு இரைச்சலில் என்ற வினாவுக்கு விடை கூறாதவரை அரைகுறைக் கூற்றேயாகும்.

விசிறியின் வேகம் இருமடங்கானால் காற்றோட்டமும் இருமடங்காகும். அதற்குத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்காகும். இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் உயரும். 10 டெசிபல் உயர்வையே மனிதச் செவி இருமடங்கு உரப்பாக உணர்கிறது. 2003இல் வெளிவந்த ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா இதற்குப் பழைய சான்று. தூசி உறிஞ்சும் கருவியின் பெயரால் அது கேலி செய்யப்பட்டது. அந்நிறுவனத்தாரே அதன் இரைச்சலைப் பகடி செய்து ஒரு காணொளி எடுத்தனர்.

சுற்றுப்புற வெப்பநிலையின் பங்கு

ஒப்பீட்டில் மிகுதியும் பிழை நேரும் இடம் இதுவே. குளிரூட்டப்பட்ட ஆய்வறையில், 22 பாகை செல்சியசில், ஓர் அட்டை 70 பாகையைக் காட்டுவதாகக் கொள்வோம். அறையைவிட அது 48 பாகை மிகுதி. மே மாதத் துவாக்குடியில் மாடி அறையின் வெப்பநிலையை 37 பாகை எனக் கொண்டால், மின்திறனும் விசிறி வேகமும் மாறாதபோது அதே அட்டை 85 பாகையை எட்டும். மேற்கூரை மின்விசிறி நம் வியர்வையை உலர்த்துமேயன்றி அறைக் காற்றின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை.

இந்த அறையிலும் 70 பாகையே வேண்டுமெனில், அனுமதிக்கப்படும் மிகுதி 33 பாகை மட்டுமே. அதாவது, குளிர்விப்புத் திறன் சுமார் 1.45 மடங்காதல் வேண்டும். அத்திறன் விசிறி வேகத்திற்கு நேர்விகிதத்தில் உயர்வதாகக் கொண்டாலும் இரைச்சல் 8 டெசிபல் கூடும். உண்மையில் காற்றோட்டம் கூடும் அளவிற்கு வெப்பக் கடத்தல் கூடுவதில்லை. ஆதலால் 10 டெசிபலோ அதற்கு மேலோ எதிர்பார்க்கலாம். குளிர்நாட்டு மதிப்புரையில் 'அமைதியானது' எனப்பட்ட அட்டை, இவ்வறையில் இருமடங்கு உரப்பாகக் கேட்பது அட்டையின் குறையன்று; அளவீட்டை இடம் மாற்றிப் படித்ததன் விளைவு.

ஒப்பிடும் முறை

இரு அட்டைகளையும் ஒரே இரைச்சல் அளவில், எடுத்துக்காட்டாக 35 டெசிபலில், விசிறி வேகத்தை நிலைநிறுத்தி, வெப்பநிலை நிலைபெற்ற பின்னர் அளத்தலே நேரிய முறை. அளவீட்டுடன் அறை வெப்பநிலையும் ஒலிவாங்கியின் தொலைவும் குறிக்கப்படல் வேண்டும். திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் 6 டெசிபல் குறையும் என்பதால், தொலைவு குறிக்காத டெசிபல் எண் பயனற்றது. பின்னணி ஒலி, அளக்கப்படும் ஒலியைவிட 10 டெசிபலேனும் தாழ்ந்திருத்தல் வேண்டும். மேற்கூரை மின்விசிறி சுழலும் அறையில், கைப்பேசிச் செயலியைக் கொண்டு எடுத்த அளவுகளைச் சான்றாகக் கொள்ள இயலாமைக்கு இதுவே காரணம்.

அட்டையின் வகையும் கருதத்தக்கது. ஊதுவிசிறி வகை வெப்பக்காற்றைப் பெட்டிக்கு வெளியே தள்ளும், இரைச்சல் மிகுதி. திறந்த விசிறி வகை அமைதியானது. ஆனால் வெப்பத்தைப் பெட்டிக்குள்ளேயே விடும். சேவையகங்களுக்கான டெஸ்லா வி100 பிசிஐஇ அட்டையில் விசிறியே இல்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று அதனைப் பழைய சந்தையில் வாங்கி வீட்டுக் கணினியில் பொருத்துவோர், சேவையகப் பெட்டியின் விசிறிகள் தந்த காற்றோட்டத்தைத் தாமே ஏற்படுத்த நேரிடும்.

இரைச்சலை வெறும் வசதிக்குறைவாகக் கருதலாகாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவு வரம்பாக 45 டெசிபலை வகுத்துள்ளன. அது வெளிப்புறத்திற்கான வரம்பு. அறைக்குள் இயங்கும் கணினியை அது கட்டுப்படுத்தாது. எனினும், இரவு முழுதும் கணக்கீட்டை ஓடவிட்டு அருகிலேயே உறங்கும் மாணவருக்கு அவ்வெண் ஓர் அளவுகோலாகலாம். மின்திறன் வரம்பை மென்பொருள் வழியே ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அதே அளவு வெப்பம் குறையும். வேகமோ பெரும்பாலும் அவ்வளவு குறைவதில்லை. செலவின்றிச் செய்யத்தக்க முதற்செயல் இதுவே. அடுத்தது தூசி நீக்கல். பாரத மிகுமின் நிறுவனத்தைச் சார்ந்து வளர்ந்த உலோகப் பட்டறைகள் நிறைந்த இவ்வூரில் வெப்பத் தகடுகளின் இடைவெளிகள் தூசியால் அடைபடும். அதன்பின் எந்த மதிப்புரையின் எண்ணும் அவ்வட்டைக்குப் பொருந்தாது.